போஸ்பரஸைக் கரும்பலகையில் வரைந்தவருக்கு

கேள்வி: நான் கும்பகோணத்துக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், வயது 63. ஒவ்வோர் ஆண்டும் ஐரோப்பாவையும் ஆசியாவையும் கரும்பலகையில் வரைந்து, நடுவே நீலச் சுண்ணக்கட்டியால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, "இதுதான் போஸ்பரஸ் நீர்ச்சந்தி, இதன் இரு கரையிலும் இருப்பது ஒரே ஊர், இஸ்தான்புல்" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் 40 ஆண்டு ஆசை. வரும் ஏப்ரலில் கணவருடன் (வயது 68, நீரிழிவு உண்டு) போகலாம் என்றிருக்கிறோம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் திட்டத்தில் எட்டு நாளில் துருக்கியின் இஸ்தான்புல், கப்படோக்கியா, பமுக்கலே மூன்றும் உள்ளன. அதில் இஸ்தான்புல்லுக்கு இரண்டு நாள். எட்டு நாளும் இஸ்தான்புல்லிலேயே தங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. "ஒரே ஊரில் எட்டு நாள் என்ன செய்வீர்கள்?" என்கிறாள் மகள். நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். கணவர் எல்லாம் சாப்பிடுவார். எனக்கு முழங்கால் வலி உண்டு. இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்த ஊர் நேரில் பார்க்கும்போது ஏமாற்றிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மகளுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு நாளும் இஸ்தான்புல்லிலேயே தங்குங்கள். கப்படோக்கியாவும் பமுக்கலேயும் அழகான இடங்கள்தாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இஸ்தான்புல்லிலிருந்து கப்படோக்கியா சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்கிறது. மூன்றையும் எட்டு நாளுக்குள் அடக்கும் திட்டத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பேருந்தின் சன்னலையும் விமான நிலையத்தின் வரிசையையும்தான். அத்துடன், நீங்கள் கடிதத்தில் ஆசைப்பட்டதாக எழுதியிருப்பது அந்த நீலக் கோட்டை மட்டுமே. மற்ற இரண்டு இடங்களும் நிறுவனத்தின் பட்டியலில் இருந்ததால் உங்கள் கடிதத்துக்குள் வந்தவை.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்தத் தவறு ஒன்றும் காரணம். பயணங்களை ஏற்பாடு செய்யும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், அப்படியொரு மூன்று ஊர்த் திட்டத்தில் முதியவர்கள் குழு ஒன்றைத் துருக்கிக்கு அழைத்துச் சென்றேன். கடைசி நாள் திரும்பும் விமானத்தில், சீட்டில் அமர்ந்து பட்டையை மாட்டிக்கொண்ட ஓர் அம்மா என்னிடம், "தம்பி, போஸ்பரஸ், போஸ்பரஸ் என்கிறார்களே, அதை நாம் எப்போது பார்த்தோம்?" என்று கேட்டார். முந்தைய நாள் நள்ளிரவில் பேருந்து பாலத்தைக் கடந்தபோது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். களைத்திருப்பவர்களை எழுப்ப வேண்டாம் என்று நான்தான் ஓட்டுநரிடம் விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தேன். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு இஸ்தான்புல்லுக்கு இரண்டு நாள் ஒதுக்கும் எந்தத் திட்டத்தையும் நான் எழுதியதில்லை.

அடுத்து உங்கள் பயம். ஊர் ஏமாற்றிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றம் நேர்வதை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது ஒரு புகைப்படத்தைக் கனவாக வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கே நேர்கிறது. பழம்பெரும் பள்ளிவாசலான ஆயா சோஃபியாவின் குவிமாடத்தைப் பொன்னொளியில் ஆளில்லாத நேரத்தில் எடுத்த ஒரு படம் அவர்கள் மனத்தில் இருக்கும். நேரில் வந்தால் வெளியே நீண்ட வரிசையும், உள்ளே ஆயிரம் கைப்பேசிகளும், சீரமைப்புக்காகக் கட்டிய சாரமும் இருக்கும். படத்தோடு ஒப்பிட்டால் நேரில் காணும் எதுவும் தோற்றுத்தான் போகும். உங்கள் நிலைமை வேறு. நீங்கள் இத்தனை ஆண்டுகள் கையால் வரைந்தது ஒரு வரைபடத்தை. அதில் வெயில் இல்லை, மணம் இல்லை, ஆட்கள் இல்லை. நேரில் காணும் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டின்மேல் புதிதாக வந்து சேரப்போகிறதே தவிர, இருப்பதில் எதையும் குறைக்கப்போவதில்லை. ஆகவே பயணத்தை அந்தக் கோட்டைச் சுற்றியே அமைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கட்டடங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

கரும்பலகையில் விரல் தடிமனுக்கு வரைந்த அந்த நீர்ச்சந்தி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர். பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள நம் பாக் நீர்ச்சந்தியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், அதைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே சற்று நேரமாகும். எதிர்க்கரை வீட்டின் கொடியில் துணி காய்வது தெரிகிறது. அந்தச் சந்துக்குள் கருங்கடலிலிருந்து தானியமும் எண்ணெயும் ஏற்றிய பெருங்கப்பல்கள், கரையோரத்து வீடுகளைவிட உயரமாக, வளைந்து வளைந்து வருகின்றன. இந்த நீர்ச்சந்தி வழியே கப்பல்கள் செல்வதை ஒழுங்குபடுத்தும் 1936ஆம் ஆண்டின் மோன்ட்ரோ உடன்படிக்கையை நீங்கள் வகுப்பில் ஒரு வரியில் கடந்திருக்கலாம். கரையில் அரை மணி நேரம் அமர்ந்து அந்தக் கப்பல்களைப் பார்த்தால் அந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்பது விளங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அங்கே நடக்கிறது. டான்யூப், நீப்பர் முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீரால் கருங்கடலின் உப்பு குறைவு, நீர்மட்டமும் போஸ்பரஸின் தெற்கு முனையில் உள்ள மர்மரா கடலைவிடச் சற்று உயர்வு. அதனால் போஸ்பரஸின் மேற்பரப்பு நீர் தெற்கு நோக்கி ஓடுகிறது. உப்பு மிகுந்த, கனமான மர்மரா நீரோ அதற்கு அடியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஒரே சந்துக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்கள்! 1679இல் இந்த ஊருக்கு வந்த லூயிஜி மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர், வெள்ளை பூசிய தக்கைகளைக் கட்டிய கயிற்றை நீருக்குள் இறக்கி, மேலே இருந்த தக்கைகள் ஒரு பக்கமும் ஆழத்தில் இருந்தவை எதிர்ப்பக்கமும் இழுபடுவதைக் கண்டார். பிறகு தடுப்பு வைத்த தொட்டி ஒன்றில் உப்பின் அளவு வேறுபட்ட நீர்களை நிரப்பி அதன் காரணத்தையும் விளக்கிக் காட்டினார். படகில் போகும்போது உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு ஒரு மாணவராவது வேண்டும்.

இந்த நீரைப் பார்ப்பதற்குச் சுற்றுலாப் படகு எதுவும் தேவையில்லை. அந்த ஊரார் 'வாபூர்' என்று அழைக்கும் நகரப் பயணியர் கப்பல்கள் காலை முதல் இரவு வரை இரு கண்டங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டேயிருக்கின்றன. அலுவலகம் போகிறவர்கள் நம் டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல் அவற்றில் ஏறி இறங்குகிறார்கள். 'இஸ்தான்புல்கார்ட்' என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் கப்பல், டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் அதுவே போதும். போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையில் பெரிய திட்டம் எதையும் வைத்துக்கொள்ளாமல், எமினோனு துறையிலிருந்து உஸ்குதார் போகும் கப்பலில் ஏறி அக்கரைக்குச் செல்லுங்கள். கடற்கரையோரமாகச் சற்று நடந்து, நீருக்கு நடுவே நிற்கும் கன்னிக் கோபுரத்துக்கு எதிரே அமர்ந்துகொண்டால், சூரியன் ஐரோப்பியக் கரையின் பின்னால், பள்ளிவாசல்களின் குவிமாடங்களுக்கும் தூபிகளுக்கும் நடுவே இறங்குவது தெரியும். ஆசியாவில் அமர்ந்து ஐரோப்பாவில் அந்தி சாய்வதைப் பார்ப்பது இந்த ஊரில் சில நிமிடக் கப்பல் பயணத்தில் கைகூடும் காரியம்.

இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், வெயில் தெளிவாக இருந்தால், நீண்ட பயணத்தை வைத்துக்கொள்ளலாம். நகரக் கப்பல் நிறுவனமே எமினோனுவிலிருந்து காலையில் ஒரு கப்பலை விடுகிறது. அது நீர்ச்சந்தி முழுவதையும் கடந்து, கருங்கடலின் வாயிலுக்கு அருகே உள்ள அனடோலு கவாவு என்ற மீனவச் சிற்றூர் வரை சென்று, அங்கே சில மணி நேரம் நின்றுவிட்டு மாலையில் திரும்புகிறது. போகும்போது இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் ஆசியா. இடப்பக்கத்தில் தோல்மாபாச்சே அரண்மனையும், 1973இல் திறந்த முதல் பாலத்தை ஒட்டி ஒர்தகோய் பள்ளிவாசலும், நீர்ச்சந்தி மிகவும் குறுகும் இடத்தில் ருமேலி ஹிசாரு கோட்டையும் வரும். அப்போது கான்ஸ்டான்டிநோபிள் எனப்பட்ட இந்த ஊரைக் கைப்பற்றுவதற்கு முந்தைய ஆண்டான 1452இல், கருங்கடல் வழியை அடைப்பதற்காக ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நான்கே மாதங்களில் கட்டி முடித்த கோட்டை அது. அங்கே ஏன் கட்டினார் என்பதைக் கப்பலிலிருந்து பார்த்த கணத்தில் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். ஏப்ரல் கடைசியில் கரையோரச் சரிவுகளில் 'எர்குவான்' மரங்கள் இலை விடுவதற்கு முன்பே ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூத்துவிடும். எமிர்கான் பூங்காவில் துலிப் மலர்கள் ஏப்ரல் முழுவதும் இருக்கும், ஆனால் வார இறுதியில் கூட்டமும் இருக்கும். அனடோலு கவாவுவின் மேட்டில் உள்ள பழைய கோட்டைக்கு ஏற்றம் கடுமையானது. உங்கள் முழங்காலை முன்னிட்டு அதை விட்டுவிடுங்கள், அல்லது வண்டி கிடைத்தால் மட்டும் போங்கள்.

உணவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். சைவர்கள் துருக்கி என்றாலே கபாப் நாடு என்று முடிவு கட்டி, பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலும் உடனடி உப்புமாவும் அடைத்துக்கொண்டு வந்து, எட்டு நாளும் விடுதி அறையிலேயே சாப்பிட்டுத் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனத்தாங்கலே உண்டு. பருப்புப் பொடி ஒரு சிறு டப்பா கொண்டு வாருங்கள், மறுக்கவில்லை. அதற்குமேல் தேவைப்படாது.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு சிறு குறிப்பு, ஏனென்றால் உணவகத்தில் இது பயன்படும். துருக்கி எழுத்தில் புள்ளி வைத்த 'ஐ' ஒன்றும் புள்ளி இல்லாத 'ஐ' ஒன்றும் உண்டு. புள்ளி இல்லாததை மேலைநாட்டார் தடுமாறித் தடுமாறிச் சொல்வார்கள்; நமக்கோ அது 'பாட்டு', 'காற்று' என்னும் சொற்களின் இறுதியில் வரும் குற்றியலுகரம்தான். சில சொற்களும் பழகியவையாகவே காதில் விழும். பொதுச் சதுக்கம் அங்கே 'மெய்தான்', நம் மைதானம். புட்டி 'ஷிஷே', நம் சீசா. சர்க்கரை சேர்க்காத காபி 'சாதே', நம் சாதா. எல்லாம் பாரசீக, அரபு மொழிகளின் வழியாக இரு திசைகளிலும் பயணம் செய்த சொற்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் படம் போட்ட அட்டையும் வாசலில் கூவி அழைப்பவரும் உள்ள கடைகளை விட்டுவிட்டு, 'எஸ்னாஃப் லொக்காந்தாஸு' எனப்படும், கடைக்காரர்களும் தொழிலாளர்களும் சாப்பிடும் எளிய உணவகங்களைத் தேடுங்கள். சமைத்த பதார்த்தங்கள் தட்டுகளில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். விரலால் சுட்டிக் காட்டினால் போதும். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய சொல் 'ஜெய்தின்யாலு', அதாவது ஆலிவ் எண்ணெயில் சமைத்துக் குளிரவைத்தவை. பச்சை பீன்ஸ், லீக்ஸ், கூனைப்பூ, அவரை வகைகள் எல்லாம் தக்காளியும் வெங்காயமும் சேர்த்து மெல்லிய தீயில் வெந்து, சூடில்லாமல் பரிமாறப்படும். இறைச்சி சேராத மரபு அது. திராட்சை இலையில் அரிசி, உலர் திராட்சை, பைன் கொட்டை வைத்துச் சுருட்டிய 'சர்மா'வும் இந்த வகையில் உண்டு, ஆனால் சூடாகத் தரும் சர்மாவில் கொத்திறைச்சி இருக்கும். குளிர்ந்திருந்தால் சைவம், சூடாக இருந்தால் சந்தேகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயிலும் இதே சிக்கல். வெங்காயமும் தக்காளியும் பூண்டும் அடைத்த 'இமாம் பாயுல்து' உங்களுடையது. அதைச் சாப்பிட்ட இமாம் சுவையில் மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை. மனைவி செலவழித்த எண்ணெயின் கணக்கைக் கேட்டுத்தான் விழுந்தார் என்று இன்னொரு கதை. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் 'கார்னுயாருக்' என்பதில் இறைச்சி உண்டு. தஞ்சைப் பக்கத்து எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இமாமின் கத்தரிக்காய் காரம் குறைந்ததாகத் தோன்றும். மேசையில் இருக்கும் 'புல் பிபேர்' என்ற மிளகாய்ச் செதிலைத் தூவிக்கொள்ளுங்கள்.

மைசூர்ப் பருப்பில் செய்யும் 'மெர்ஜிமெக் சோர்பாஸு' சூப்பும், சோறாகிய 'பிலாவு'ம் பார்த்தவுடன் நமக்கு ஆறுதல் தருபவை. சைவர்கள் ஏமாறுவதும் இவற்றில்தான். இரண்டும் பல கடைகளில் இறைச்சிச் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ வெந்தவையாக இருக்கும். "எத் சுயு வார் மு?" (இறைச்சிச் சாறு உண்டா?), "தாவுக் சுயு வார் மு?" (கோழிச் சாறு உண்டா?) என்று கேளுங்கள், 'வார்' என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. "சைவம்" என்று மட்டும் சொன்னால், இறைச்சி இல்லை, கோழி இருக்கிறது என்று அன்போடு கோழியைக் கொண்டு வருவார்கள். அதனால், "எத், தாவுக், பாலுக், யுமுர்த்தா யெமியோரும்" (இறைச்சி, கோழி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன்) என்பதை விடுதிக்காரரிடம் துருக்கி எழுத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்ததும் முகம் சுளிப்பவர்களை நான் கண்டதில்லை. சமையலறைக்குள்ளேயே அழைத்துப் போய் எது வேண்டும் என்று கேட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

காலை உணவு அவர்களுக்கு ஒரு பெரிய விழா. பாலாடைக்கட்டி நாலைந்து வகை, ஆலிவ் காய்கள், தக்காளி, வெள்ளரி, பழப்பாகு, தேனோடு 'கய்மாக்' என்ற கெட்டிப் பாலேடு, கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர். சாலையோர வண்டியில் விற்கும் எள் வளையமான 'சிமித்' திராட்சைப் பாகில் தோய்த்துச் சுட்டது, முட்டை இல்லாதது. ஆனால் 'போவாச்சா' போன்ற பளபளக்கும் ரொட்டிகளின் மேல் முட்டை பூசியிருப்பார்கள். கண்ணெதிரே கல்லில் போட்டுத் தரும் 'கோஸ்லெமே', கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்த மெல்லிய ரொட்டி, எந்த நேரத்துக்கும் கைகொடுக்கும். வெள்ளரியும் பூண்டும் புதினாவும் கலந்த 'ஜஜுக்' நம் தயிர்ப் பச்சடியின் தங்கை. தயிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: உலகம் முழுவதும் தயிருக்கு வழங்கும் 'யோகர்ட்' என்ற பெயரே துருக்கியர் தந்தது. போஸ்பரஸின் ஆசியக் கரையில் கான்லுஜா என்ற துறை, சர்க்கரைத் தூள் தூவித் தரும் கெட்டித் தயிருக்குப் பெயர் பெற்றது. தயிரில் சர்க்கரையா என்று உங்கள் ஊர்க்காரர்கள் புருவம் உயர்த்துவார்கள். ஒரு தேக்கரண்டி போதும். பிறகு பேச்சு இருக்காது.

இனிப்புக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வெண்மையாக, பால்கோவா போல ஒன்று இருக்கும். பெயர் 'தாவுக் கோசூ'. அதன் பொருளே கோழியின் நெஞ்சு என்பது, பெயருக்கேற்ப நூல்நூலாகப் பிரித்த கோழியைப் பாலில் கரைத்துச் செய்வது. அடிப்பிடிக்க விட்டுப் பொன்னிறமாகச் சுருட்டும் 'கசான்திபி'யும் மரபுப்படி அதன் உறவே. இப்போது சில கடைகளில் கோழி சேர்ப்பதில்லை என்றாலும் கேட்காமல் வாங்க வேண்டாம். பக்லாவாவின் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், ஆகவே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, சேமியா போன்ற இழைகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி உருகும் 'குனெஃபே'யும், கோதுமை, கொண்டைக்கடலை, அத்தி, சர்க்கரைப் பாதாமி, மாதுளை எல்லாம் சேரும் 'ஆஷுரே'யும் உங்களுக்கு ஏற்றவை. நோவாவின் பேழை கரை தட்டியபோது எஞ்சியிருந்த தானியங்களையெல்லாம் ஒரே பானையில் போட்டுச் செய்தது ஆஷுரே என்பது அவர்களின் நம்பிக்கை.

நீரிழிவுள்ள உங்கள் கணவருக்கு இனிப்பைப் பற்றிய மேற்கண்ட பத்தி பொறாமையைத் தரலாம். அவருடைய மருந்தின் அளவையும் நடைப் பயணத்துக்கேற்ற மாற்றத்தையும் அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்லக்கூடியது, மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி பின்தங்கியிருக்கும் என்பதும்தான். காலை உணவின் பாலாடைக்கட்டி, ஆலிவ், வெள்ளரி ஆகியவை அவருக்கு ஏற்றவை, ரொட்டிக் கூடைதான் ஆபத்து. அதைக் கேட்காமலே நிரப்பிக்கொண்டிருப்பார்கள். துருக்கிக் காபிக்குச் சர்க்கரையைக் காய்ச்சும்போதே சேர்த்துவிடுவதால், கேட்கும்போதே 'சாதே' என்று சொல்லிவிட வேண்டும். வடிகட்டாத காபி அது. அடியில் மண்டி படியும் வரை காத்திருந்து, மேலாகப் பருகி, மண்டியை விட்டுவிடுவது முறை. கும்பகோணத்து டிகிரி காபிக்குப் பழகிய நாக்கு முதல் நாள் முரண்டு பிடிக்கும். மீனுக்கு அவர் அனடோலு கவாவுவில் காத்திருக்கலாம். இந்த ஊரார் கொண்டாடும் 'லூஃபர்' இலையுதிர்காலத்துக்கு உரியது, ஏப்ரலில் நம் கொடுவாயை நினைவூட்டும் 'லெவ்ரெக்' கிடைக்கும்.

நினைவுச் சின்னங்களை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவற்றைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதே. ஆயா சோஃபியாவைத் தவறவிடக் கூடாது. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 537இல் முடிந்த அந்தக் குவிமாடம் 558இல் ஒருமுறை இடிந்து மறுபடியும் எழும்பியது. தேவாலயமாக, பள்ளிவாசலாக, அருங்காட்சியகமாக இருந்து 2020 முதல் மீண்டும் பள்ளிவாசலாக இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளை 2024 தொடக்கம் முதல் மேல்மாடத்துக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள்; 2024இல் கட்டணம் 25 யூரோ, மேலே போவதற்குக் கரடுமுரடான கல் சரிவுப் பாதை. அதில் மெதுவாகப் போங்கள். அதன் கூட்டம் உங்களைக் களைக்க வைத்தால் வருந்த வேண்டாம், ஏனென்றால் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: கட்டடக் கலைஞர் சினான் 1557இல் கட்டி முடித்த சுலைமானியே பள்ளிவாசல். கூட்டம் குறைவு, ஒளி நிறைவு; பின்முற்றத்துச் சுவரோரம் நின்றால் பொற்கொம்புக் கழிமுகமும் கலாத்தா கோபுரமும் போஸ்பரஸின் முகத்துவாரமும் ஒரே பார்வையில் விரியும், உங்கள் வரைபடத்தைச் சற்றே சாய்த்து வைத்ததுபோல. பள்ளிவாசல்களுக்குத் தலையை மூடவும் காலணியைக் கழற்றவும் வேண்டும்; சேலை முந்தானை தலைக்குப் போதும், இடுப்புத் தெரியாமலிருக்க மேலே ஒரு சால்வை இருந்தால் நல்லது. தொழுகை நேரத்தையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்துவிடுங்கள். டோப்காபி அரண்மனை செவ்வாயன்றும், தோல்மாபாச்சே திங்களன்றும், பெரிய மூடுசந்தை ஞாயிறன்றும் மூடியிருக்கும். அந்த மூடுசந்தையைவிட, ஆசியக் கரையில் கடுகோய் துறைக்குப் பின்னால் உள்ள காய்கறி, ஆலிவ், ஊறுகாய்க் கடைத் தெருக்களில் ஒரு முற்பகலைச் செலவிடுவதே உங்களுக்கு நிறைவளிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வாங்க வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

தங்குமிடத்துக்கு சிர்கெஜி பகுதியைச் சொல்வேன். இஸ்தான்புல் குன்றுகளின் ஊர், கல் பாவிய தெருக்கள் செங்குத்தாக ஏறும். சிர்கெஜியோ நீரோரச் சமவெளியை ஒட்டியது. டிராம் வாசலில் நிற்கும், கப்பல் துறை நடை தூரம், கடலுக்கு அடியில் ஆசியாவுக்குப் போகும் மர்மராய் ரயிலுக்கும் அங்கே நிலையம் உண்டு. ஐரோப்பாவைக் கடந்து வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கடைசியாக நின்ற, 1890இல் கட்டிய பழைய ரயில் நிலையமும் அங்கேதான். மின்தூக்கி இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள், பழைய கட்டடங்களில் பல இடங்களில் இருப்பதில்லை. பொற்கொம்பின் அக்கரையில் உள்ள கரகோயிலிருந்து மேட்டுக்கு ஏற 1875 முதல் ஓடும் 'துனெல்' சுரங்க ரயில் இருக்கிறது. முழங்காலுக்காக ஒரு நாளில் ஒரு குன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தெருவில் ஒருவர் உங்கள் கணவரின் எதிரே காலணித் தூரிகையைத் 'தவறவிட்டு'ப் போனால், எடுத்துக் கொடுக்க வேண்டாம். எடுத்தால் நன்றிக்கடனாகக் காலணியைத் துடைப்பார், பிறகு கூலி கேட்பார். மற்றபடி, எந்தப் பெருநகரிலும் இருப்பதுபோன்ற கவனம் போதும். லிராவின் மதிப்பு விரைந்து மாறுவதால் விலைகளை நான் எழுதுவதில் பயனில்லை. விசாவைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரிஷ் அல்லது ஷெங்கன் விசாவோ வசிப்பு அனுமதியோ வைத்திருக்கும் இந்தியர்களே இணையவழி விசா பெற முடியும். மற்றவர்கள் ஆவணங்களோடு விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டி வாங்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் துருக்கித் தூதரகத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொண்டு, பொங்கல் முடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஏப்ரல் 23 அங்கே தேசிய விடுமுறை, குழந்தைகள் தினமும் அதுவே. அன்று கப்பல்கள் குழந்தைகளால் நிரம்பியிருக்கும், உங்களுக்கு அது பிடிக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. கும்பகோணத்துச் சித்திரை வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு கம்பளிச் சால்வையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். அனடோலு கவாவு கப்பலில் எல்லோரும் குளிருக்குப் பயந்து கண்ணாடிக்குள் அமர்ந்துவிடுவார்கள்; மேல்தளத்தில் முன்வரிசை இருக்கைகள் காலியாக இருக்கும். வடக்கே கருங்கடலிலிருந்து காற்று நேராக வீசும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தேநீர் விற்பவரை அங்கேயே வரச் சொல்லி, கரை முடிந்து கடல் திறக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.